வீரத்தாளுக்கு மஞ்சள் ஆகாது

வைகையில் இன்னும் அணை கட்டாத காலம். நெடுங்கரைப்பட்டி என்று ஓர் ஊர். இதே ஊர்தான், அப்போது வீடு குறைவு, முள் அதிகம். அந்த ஊரில் சோணை வைத்தியர், சோணை வைத்தியர் என்று ஒருத்தர் இருந்தாராம். அவர் பெண்சாதி பேர் குருவம்மா. அந்தக் குருவம்மாதான் நீங்கள் இப்போது கும்பிட்டுவிட்டு வந்த வீரத்தாள்.

கையில் வாள் இருக்கிறதே என்கிறீர்களா? கோயிலைப் புதுப்பிக்க வந்த ஸ்தபதி வெளியூர்க்காரர். பேரைக் கேட்டார், வாளைக் கொடுத்துவிட்டார். குருவம்மா வாழ்நாளில் தொட்ட பெரிய ஆயுதம் அரிவாள்மணை. இங்கே வீரம் என்பது சண்டை வீரம் இல்லை. மருந்துக்கடைச் சரக்கு.

சோணை வைத்தியர் சொல்வாராம்: "ரசம் ஒரே கூத்தாடி. வேசம்தான் பல." உருண்டு ஓடும் பாதரசமாக வயிற்றுக்குள் போனால், பெரும்பாலும் உருண்டே வெளியே போய்விடுமாம். அதையே நெருப்பில் காட்டி ஆவியை மூச்சில் இழுத்தால் கை நடுங்கும், புத்தி தடுமாறும். உப்போடு சேர்த்துப் புடம் போட்டால் வெள்ளைப் பொடி. அதிலும் இரண்டு. ஒன்று பூரம். தண்ணீரில் கரையாது. அதுவும் சாது இல்லை, அளவு மீறினால் எச்சில் ஒழுகும், பல் ஆடும். இன்னொன்று வீரம். தண்ணீரில் கரையும், ரத்தத்தில் ஏறும், குடலை அரிக்கும். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி.

வைத்தியரின் தங்கை இருளாயி. அவள் பெண்குழந்தைக்கு உடம்பெல்லாம் புண். அந்தக் காலத்தில் அதற்குப் பூரம் கொடுப்பார்களாம். இன்றைக்குக் கொடுத்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள். வைத்தியர் பூரம் என்று கேட்டுக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். வந்த கையோடு, பக்கத்து ஊரில் பாம்புக்கடி என்று ஆள் வந்துவிட்டது. வண்டியில் ஏறிக்கொண்டே பெண்சாதியிடம் சொன்னாராம்:

"தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில ஒரு சிட்டிகை போடு. நெறம் பாத்துக் குடு."

எந்த நிறம்? அதைச் சொல்வதற்குள் மாடு கிளம்பிவிட்டது. பாதிப் பேச்சு வீட்டில், மீதி வண்டியில்.

குருவம்மா போட்டாள். விழுந்த இடம் மஞ்சளித்தது. நல்ல மஞ்சள், தாலிக்கயிற்று மஞ்சள்.

இருளாயிக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். "மஞ்சள் வந்துருச்சு மதினி. மங்களம். குடு."

"இல்ல இருளாயி. ஒங்கண்ணன் சரக்கைச் சோதிச்சுட்டுக் கழுவக் குடுக்குற கிண்ணம் எப்பவும் கறுத்துல்ல கெடக்கும்."

"கறுத்தது ஆகாதுன்னுதானே அண்ணன் கழுவி ஊத்தச் சொல்லுது. வைத்தியனுக்கு வாக்கப்பட்டும் இது தெரியலையா?"

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நம் பக்கம் எந்த நல்ல காரியத்துக்குக் கறுப்பைத் தேடியிருக்கிறோம்? ஆனாலும் குருவம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. குழந்தை சொறிந்து சொறிந்து அழுகிறது. பெற்றவள் பொறுக்காமல், "ஒனக்கொரு புள்ள இருந்தா வலி தெரியும்" என்று சொல்லிவிட்டாளாம்.

குருவம்மா பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். "மொதல்ல நான் தின்னு பாக்குறேன். பொழுது சாயுற வரைக்கும் என்னை ஒண்ணும் செய்யலைன்னா புள்ளைக்கு" என்றாளாம். குழந்தைக்கு அரிசியளவு. பெரிய உடம்பில் அது என்ன காட்டும் என்று பொட்டலத்தில் விரலால் அள்ளித் தின்றாளாம்.

பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வாயெல்லாம் செப்புத் தவலையை நக்கின ருசி. தொண்டை எரிந்தது. ரத்தமாக வாந்தி, ரத்தமாகப் பேதி. அப்புறம் நீர் பிரிவதே நின்றுபோனதாம்.

வைத்தியர் வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். கடைக்காரன் பூரத்துக்குப் பதில் வீரத்தைக் கட்டிக் கொடுத்திருந்தான். "கறுத்தா குடு, மஞ்சளிச்சா கொட்டுன்னு சொல்லத்தானே வாயத் தொறந்தேன்" என்றாராம்.

குருவம்மா சொன்னது ஒன்றுதான். "புள்ளைக்குக் குடுக்கல."

பாலும் முட்டை வெள்ளையும் ஊட்டிப் பார்த்தார். ரத்தத்தில் ஏறினதை இறக்க அவரிடம் சரக்கு இல்லை. உடம்பு ஊதி, அடுத்த அமாவாசைக்குள் போய்ச் சேர்ந்தாள். குழந்தையின் புண்? அது வேப்பிலைத் தண்ணீரிலேயே ஆறிவிட்டதாம்.

இருளாயி அதற்கப்புறம் மஞ்சள் பூசவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போதே பூசவில்லை. ஊர் ஏசிப் பார்த்தது, அவள் கேட்கவில்லை. கரையில் ஒரு கருங்கல்லை நட்டு, மதினி, மதினி என்று கும்பிட்டாளாம். எந்தச் சரக்கு கொன்றதோ அந்தப் பேரை ஊர் வைத்தது.

அதனால்தான் எல்லா அம்மனுக்கும் மஞ்சள்காப்பு, வீரத்தாளுக்கு மட்டும் மஞ்சள் ஆகாது. சுண்ணாம்புத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ஊற்றிவிட்டுப் பூசாரி திரும்பி, "நெறம் என்ன?" என்று கேட்பார். "கறுப்பு" என்று நாம் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் நெற்றியில் திருநீறு.

குருவம்மாவுக்கென்று வாரிசு இல்லை. சொறிந்து அழுத அந்தக் குழந்தை வழியில் வந்தவர்கள்தான் இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் எல்லாரும். ஆகையால் பூசாரி கேட்கும்போது வாய்க்குள் முனகாதீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள். அவளுக்குக் கேட்கவேண்டும்.