மூணு வருசத்துல டாக்டர்

ஒரு ஊர்ல ஒரு டாக்டர் இருந்தாராம்னு ஆரம்பிச்சா அது கதைங்க. என்னையப் போயி டாக்டர்னு கூப்பிட்டீங்கன்னா அதுவும் கதைதானுங்க. நான் டாக்டர் இல்லீங்க, பிசிசியன் அசிஸ்டெண்ட். பேரு அறிவழகன். இதே காலேஜ்ல, உங்க பாப்பாவச் சேர்க்க வந்திருக்கீங்களே, அதே படிப்பத்தான் முடிச்சேன்.

உக்காருங்க, டோக்கன் கூப்பிட நேரமிருக்குது.

ஆமாங்க, வேலையிலதான் இருக்கறேன். சேலத்துல அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. நோயாளி வந்தா மொதல்ல நான்தான் எல்லாங் கேட்டு எழுதுவேன். ரவுண்ட்ஸ் போவேன். டிஸ்சார்ஜ் சம்மரி நான் எழுத, டாக்டர் கையெழுத்துப் போடுவாரு. நல்ல மனுசன்தான்.

இல்லீங்க, வேலையக் கொறை சொல்லுலீங்க. கடைசி மட்டுக்கும் அசிஸ்டெண்டுதான்னு தெரிஞ்சு சேர்ந்தா ஒண்ணுமில்ல. இப்ப மேடையில காலேஜ்காரங்க பேசுனாங்களே, இத முடிச்சுப்போட்டு வெளிநாட்டுல மூணே வருசம் படிச்சா டாக்டர்னு, அங்கதானுங்க வயிறு எரியுது.

சுத்தப் பொய்யின்னும் சொல்ல முடியாதுங்க. அமெரிக்காவுல அப்படியொரு படிப்பு இருக்குது. ஆனா அது அங்கயே அசிஸ்டெண்டுக்குப் படிச்சு, அங்கயே லைசென்ஸ் வாங்குனவங்களுக்கு. நான் மெயில் போட்டுக் கேட்டனுங்க. உங்க படிப்பு இங்க செல்லாதுன்னு ரொம்ப மரியாதையாப் பதில் வந்துச்சு. அந்த மரியாதையத்தானுங்க தாங்க முடியல. இங்க வந்து கேட்டா, அடுத்த வருசம் எல்லாஞ் செரியாயிருமுங்கறாங்க. நான் சேர்ந்தப்பவும் அடுத்த வருசந்தான்.

ஊர்லயா? அதையேனுங்க கேக்கறீங்க. மாரியம்மன் நோம்பிக்கு எங்கப்பா ஃப்ளெக்ஸ் வெச்சுப்போட்டாரு, டாக்டர் அறிவழகன்னு. கழட்டச் சொன்னா, எப்படியும் ஆகப்போறவன்தானேடாங்கறாரு. பக்கத்து ஊட்டு முத்தாயம்மா முட்டிவலிக்கு ஊசி போடச் சொல்லி வாசல்ல வந்து உக்காந்துக்குது. நான் போடக்கூடாதுங்கன்னா, படிச்ச திமிருங்குது.

பாப்பா நீட்ல கொஞ்சத்துல விட்டுருச்சா? அப்ப டாக்டர்தான் ஆகோணும்னா இன்னொருக்கா எழுதட்டுமுங்க. இல்ல, அசிஸ்டெண்டா இருக்கச் சம்மதமான்னு அதுகிட்டயே கேளுங்க. கேட்டீங்களா?

கேக்குலியா.

யாரப் பாக்கறேனுங்களா? ஜன்னலோரம் மஞ்ச துப்பட்டா. தமிழினி, என் தங்கச்சிங்க. ஆமாங்க, அவளும் இங்க சேரத்தான் வந்திருக்கறா. சிரிக்காதீங்க. சொல்லாம இருப்பனுங்களா? தலைகீழா நின்னு பாத்துட்டேன். நீயே அரை டாக்டரு, உனக்கென்னடா தெரியுமுங்கறாரு எங்கப்பா.

பக்கத்துல வெள்ளச் சட்டையில உக்காந்திருக்கறது அவருதானுங்க. சின்னுசாமி. சங்ககிரியில உங்க லாரி ஓட்டுனவரு. ஞாபகமிருக்காது, உங்ககிட்ட எத்தனையோ டிரைவருங்க. ஆனா அவரு எல்லாமே உங்களப் பாத்துத்தான். நீங்க எடம் வாங்குன பக்கந்தான் அவரும் எடம் பாத்தாரு. உங்க பையன் போன ஸ்கூலுக்குத்தான் கடன ஒடன வாங்கி என்னையும் அனுப்புனாரு. இன்னிக்குக் காலையில, செரி யோசிக்கலாமுங்கற மட்டுக்கும் எறங்கி வந்துட்டாருங்க. அப்பறம் காலேஜ் கேட்டுக்குள்ள உங்களப் பாத்தாரு. முதலாளியே புள்ளையச் சேர்க்கறாரு, நீ வாய மூடுறான்னுட்டாரு.

பாப்பாவுக்கு இது ஒத்து வரலைன்னா நீங்க வேற எங்கியாச்சும் அனுப்பிப் படிக்க வெச்சுருவீங்க. என் தங்கச்சிக்கு இதோட செரிங்க. அதனாலதான் இவ்வளவு பேசறேன். நாளைக்கி வந்துகூடச் சேர்த்துக்குங்க, நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன். இப்ப, எங்கப்பா பாக்கறாப்பல, பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஒருக்கா வெளிய போனீங்கன்னாப் போதுமுங்க.

என்னங்க, உங்க டோக்கனா?

ஏனுங்... வெளிய போற வாசல் இந்தப் பக்கமுங்க.

அப்பா, இருங்கப்பா, நம்மளக் கூப்பிடவே இல்லையே.

தமிழினி... நீ எங்க சாமி எந்திரிச்சு வெளிய போற?