கம்பளி போர்த்திய கொட்டகை

எனக்குக் கோழிக்கறி பிடிக்காது, ஐயா. ஆடும் குதிரையும் மேய்கிற நாட்டில் கோழியைக் கடிப்பவன் நாக்கு செத்தவன். ஆனால் டோக்மோக் நகரத்தாருக்குக் காலையில் முட்டை இல்லாமல் கண் திறக்காது. அதனால் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்க்கிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

நாற்றம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எச்சம் நனைந்தால் அதிலிருந்து அமோனியா கிளம்பும், கண்ணில் நீர் கொட்டும். எங்கள் தெருவில் துணி காயப்போடும் பெண்கள் என் குடும்பத்தையும் சேர்த்தே காயப்போடுவார்கள். நான் காதில் வாங்கியதில்லை. என் மகன் உலானுக்குப் பெண் பேசும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

பெண்ணின் அப்பா சதார்குல் முதல் தடவை வந்தபோது ஆடு அடித்தோம். பெரிய விருந்தாளி காதை அறுத்துத் தின்று விருந்தைத் தொடங்கவேண்டும் என்ற வழக்கப்படி, வெந்த தலையை அவர் முன் வைத்தோம். காதை அறுக்கக் கத்தியை எடுத்தவர், முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. இந்த ஆடு கோழிக்கா பொறந்துச்சு?"

கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் வீட்டில் வைத்த தலையை அதுவரை ஒருவரும் தள்ளியதில்லை. கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்.

"பனி விழுந்ததும் வர்றோம். அப்பவும் இப்படியே நாறுச்சுன்னா பேச்சை முடிச்சுக்கலாம். என் பொண்ணு மூச்சு விடணும்ல?"

என் மனைவி பூருல் அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, தண்ணிக் குழாய் ஒழுகி ஒழுகித்தான் எச்சம் நனையுது. மொதல்ல அதை மாத்துங்க. கீழ மரத்தூள் போடுங்க. அள்ளுன எச்சத்தை மூடி வைங்க. காத்தை வெளிய தள்ளுற காத்தாடி முன்னாடி மரச்சில்லு நெறச்சு வெச்சா பாதி நாத்தத்த அதுவே பிடிச்சுக்கும்னு மாட்டு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"அப்ப அந்தம்மாவையே வந்து அள்ளச் சொல்லு."

"வாய் மட்டும் இல்லேன்னா உங்கள நாய் தூக்கிட்டுப் போயிடும்."

அவள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் குனிந்து செய்கிற வேலை. நான் இலையுதிர்காலம் முழுக்க நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். பனியும் விழுந்தது, சம்பந்தி வருகிறார் என்று சேதியும் வந்தது.

அப்போதுதான் பரணிலிருந்த பழைய கூடாரத்துக் கம்பளிகள் ஞாபகம் வந்தன. கடும்பனியையே உள்ளே விடாத கம்பளி, நாற்றத்தையா வெளியே விடும்? காற்றாடிகளை நிறுத்தினேன். கொட்டகையின் ஒவ்வொரு சந்திலும் கம்பளியை அடித்து இறுக்கினேன். முற்றத்தில் நின்று மூச்சை இழுத்தேன். பனி வாசனை மட்டும்தான். நல்ல காற்று வேண்டும் என்று ஊரே கேட்டது. ஒரே காலையில் நான் கொடுத்தேன்.

மிச்சமிருந்தது அசனாலி. என் கொட்டகையில் வேலை செய்பவன், பெண் குழந்தைக்குத் தகப்பன், நல்லவன். அவன் சட்டை, தலைமுடி எல்லாம் கொட்டகை வாசம். போதாக்குறைக்கு யார் வந்தாலும் இரண்டு கையாலும் கைகுலுக்கி நலம் விசாரிக்காமல் விடமாட்டான். அதனால் கோழிகளைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இரு என்றேன்.

"காத்தாடி இல்லாம முடியாதுண்ணே. எனக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல."

"கோழி இருக்குதுல்ல? அதை விட ஒசத்தி மூக்காடா உனக்கு?"

சிரித்துக்கொண்டேதான் போனான். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். போடாவிட்டால் கைகுலுக்க வந்துவிடுவான்.

சதார்குல் வந்தார். காற்றை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகைக் கதவு தட்டப்பட்டது. விறகு எடுப்பதுபோல் போனேன்.

"அண்ணே, கண்ணு எரியுது. மூச்சு அடைக்குது. கொஞ்சம் தெறங்கண்ணே, கால்ல விழறேன்."

"இப்பத்தாண்டா தலை வைக்கப் போறேன். மானத்த வாங்காத, பொறு."

தலையை வைத்தேன். சம்பந்தி முகர்ந்தார், காதை அறுத்தார், ருசித்துத் தின்றார். பெண் எங்களுக்கு உறுதியானது. மறுபடி தட்டும் சத்தம் கேட்டது, இந்த முறை கதவின் அடிப்பக்கத்திலிருந்து.

"என்ன சத்தம் சம்பந்தி?"

"குதிரை உதைக்குது."

பூருல் என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கப் போனவளின் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தேன். விருந்தாளி கையேந்தி ஆசி சொல்வதற்கு முன் வீட்டார் எழுந்தால் அது மரியாதையா? அவரோ நீளமாக ஆசி சொல்கிற ஆள். அது முடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் சொல்கிறேன்.

ஆசி முடிந்ததும் ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் முற்றத்தில் கார் அருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கதவைத் திறந்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். கார் பாலத்தைத் தாண்டும்வரை கையசைத்தேன். பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கினேன். அசனாலி கதவுக்கடியில், கம்பளியின் ஓரத்தில் வாயை வைத்தபடி கிடந்தான். விரல்களில் கம்பளி நூல். சுற்றிலும் கோழிகள் விழுந்து கிடந்தன.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காற்றைக் கெடுத்தவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று வெளியே துளி நாற்றம் இல்லை. சம்பந்தியைக் கேட்டுப் பாருங்கள்.