முந்திக்கொள்ளும் சிரிப்பு

— இல்லம்மா, டேப்பை இன்னும் கொஞ்சம் பின்னாடி கொண்டு போங்க. நான் குடையை விரிக்கிறதுக்கு முன்னாடி. ஆங், அங்கதான். இப்ப ஓட்டுங்க. கேட்டுச்சா?

— எல்லாரும் சிரிக்கிறாங்க சார்.

— எல்லாரும் அப்புறம்தான் சிரிக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு பொம்பளை சிரிக்கிறாங்க பாருங்க. குடை இன்னும் விரியவே இல்லை. உள்ள துணி கிடையாது, வெறும் கம்பின்னு யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

— என் கை தவறியிருக்கும். சிரிப்புப் பட்டனைக் கொஞ்சம் சீக்கிரமா அமுக்கிட்டேன். சரி பண்ணிடறேன் சார்.

— ஐயோ, கை வெச்சிடாதீங்க! அவங்களைப் பத்திக் கேக்கத்தான் ரெண்டு மாடி ஏறி வந்திருக்கேன். சத்தியமா சொல்றேன், நான் நடிச்ச எல்லாத்துலயும் இவங்க முந்திக்கிறாங்க. யாரு?

— எனக்கெப்படித் தெரியும்? இதெல்லாம் நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சு வெச்ச சிரிப்பு.

— எங்க பிடிச்சாங்க?

— முதல்ல நிஜ ஜனத்தையே உக்கார வெச்சுப் பார்த்தாங்களாம். அவங்க சிரிக்க வேண்டிய இடத்துல இருமுவாங்க, சோகமான இடத்துல சிரிச்சுத் தொலைப்பாங்க. கட்டுப்படி ஆகலை. அப்புறம் வசனமே இல்லாத நாடகம் ஒண்ணு போட்டு, ஜனங்க சிரிக்கச் சிரிக்கப் பதிஞ்சு, துண்டு துண்டா நறுக்கி இந்தப் பெட்டியில அடைச்சுட்டாங்க. வீட்ல தனியா பாக்கிறவங்களுக்குச் சிரிக்கக் கூச்சமா இருக்குமாம். கூட நாலு பேர் சிரிச்சா ஒரு துணை, அவ்வளவுதான் சார்.

— துணைதான். என் வீட்ல நான், சுவர், டிவி. நம்ம நிகழ்ச்சி வந்தா விளக்கை அணைச்சுட்டு உக்காருவேன். அவங்க சிரிச்சாங்கன்னா பக்கத்து ரூம்ல யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். கனவுலயும் வர்றாங்க. பெரிய அரங்கம், எல்லா நாற்காலியும் காலி, எங்கேயோ நடுவுல அந்தச் சிரிப்பு. நான் மேடையை விட்டு இறங்கி வரிசை வரிசையா தேடிக்கிட்டே போறேன். நாற்காலி முடியவே மாட்டேங்குது.

— எனக்கும் அப்படித்தான் சார். இந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. வெளிய வெயிலா மழையான்னு தெரியாது. இவங்கதான் எனக்கு ஊர் உலகம். இந்தப் பட்டன் விக்கல்காரர். இது தொப்பை. இது, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற புதுப்பொண்ணு. இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும். இங்க மட்டும் வயசே ஆகலை.

— அப்ப இவங்கள்ல ஒருத்தர்கூட என்னைப் பாத்துச் சிரிக்கலை.

— இல்ல சார்.

— எவனுக்கோ சேர வேண்டிய சிரிப்பை வெச்சு இத்தனை காலம் வண்டி ஓட்டியிருக்கேன். வெக்கமா இருக்கும்மா.

— அப்படிச் சொல்லாதீங்க. எங்க தெருப் பசங்ககூட உங்களைக் குடை மாமான்னுதான்...

— பசங்க குடைக்குச் சிரிக்குது. சரி, ஒண்ணு பண்ணுங்க. எல்லாப் பட்டனையும் ஒவ்வொண்ணா அமுக்குங்க. அவங்க குரலை நான் கண்டுபிடிச்சிடுவேன்.

— எதுக்கு சார்? எனக்கு வேலை கிடக்கு.

— அமுக்குங்கம்மா. ம்ஹூம். இது ஆம்பளை. இதுவும் இல்லை. புதுப்பொண்ணா? இல்லை, இது மெல்லிசு. அடுத்தது? அவ்வளவுதானா?

— அவ்வளவுதான் சார்.

— எதுலயும் இல்லையே! அப்புறம் எங்கிருந்து வந்தாங்க? ஆமா, அந்த மைக் எதுக்கு?

— அதுவா? கைதட்டல் பத்தலைன்னா நானே தட்டிச் சேர்ப்பேன். ஒரே சீனைத் திருப்பித் திருப்பி ஓட்டணும், அதுலயே மூழ்கிட்டா மைக்கை அணைக்க மறந்துடும். அதை விடுங்க. டீ சொல்லட்டுமா?

— வேண்டாம்மா, கிளம்பறேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க. இந்த வாரத்தோட நான் நிறுத்திக்கிறேன். ஒரே ஒரு ஆளாவது நிஜமா என்னைப் பாத்துச் சிரிச்சிருந்தா இருந்திருப்பேன். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.

— நிறுத்திட்டு என்ன பண்ணுவீங்க?

— மச்சான் டைல்ஸ் கடை வெச்சிருக்கான். வந்து உக்காருங்கன்னு ரொம்ப நாளா கூப்பிடறான்.

— நீங்களா? கடையிலயா?

— ஏன், எனக்கு வராதா? நெஞ்சை நிமித்திக்கிட்டு நிப்பேன். வாங்க சார், வாங்க, குளியலறைக்குத்தானே? இதைப் பாருங்க, எண்ணெயே கொட்டினாலும் வழுக்காது. நம்பலையா? இருங்க, நானே நடந்து காட்டறேன்னு சொல்லிட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சு, வேட்டியை மடிச்சுக் கட்டி, வலது காலை எடுத்து வெச்சு—

— ஹ்... ஹக்... ஐயோ... ஹிஹிஹி... மன்னிச்சுக்குங்க சார்...

— நான் இன்னும் வழுக்கி விழவே இல்லையேம்மா.