மீதியும் உனக்கே

— கதவைச் சாத்து. முழுசாச் சாத்துடா கரியோன், ஒரு கீத்து வெளிச்சம்கூட உள்ள வரக் கூடாது.

— சாத்திட்டேன்யா. ராஜா அரண்மனைக்குள்ள வந்தாச்சு, கோஷ்டிக்காரங்க பாட ஆரம்பிச்சாச்சு. இனி உங்களுக்குச் சாகறது ஒண்ணுதான் பாக்கி. முகமூடியைக் குடுங்க, பொம்மைக்கு மாட்டணும்.

— அந்த வார்த்தையைச் சொல்லாதே.

— எந்த வார்த்தை? சாகறதா? அட போங்கய்யா! இந்தப் பலகைக் கொட்டகைக்குள்ள நான் எத்தனை ராஜா ராணியைச் சாக விட்டிருக்கேன். உள்ள ஒரு அலறல். கதவைத் திறப்பேன். சக்கரப் பலகையில பொம்மையைப் படுக்க வச்சு வெளிய தள்ளுவேன். மலைச்சரிவு முழுக்க உட்கார்ந்திருக்கிற ஏதென்ஸ் ஜனம் மூக்கைச் சிந்தும். செத்த ராஜா இங்க உட்கார்ந்து அத்திப்பழம் தின்னுக்கிட்டு இருப்பாரு.

— இன்னைக்குப் பொம்மை தேவைப்படாது.

— என்னய்யா பேச்சு இது? முடிச்சை விடுங்க, நீங்க இழுத்து இழுத்து இறுக்கிட்டீங்க. இருங்க, வாரை அறுத்துடறேன். ஆங்... வந்துடுச்சு. ஐயோ, மூஞ்சியைப் பாருங்க! ராஜாவோட முகமூடியே தேவலை, அதுலயாவது ரத்தம் ஓடற மாதிரி சாயம் பூசியிருக்கேன்.

— எத்தனை சுத்து பாடுவாங்க?

— நாலு. ஒண்ணு இடப்பக்கம், ஒண்ணு வலப்பக்கம், திரும்ப அதே மாதிரி ரெண்டு. அது முடிஞ்சதும் இளவரசன் வேஷத்துல மெலாந்தோஸ் ஐயா உள்ள வருவாரு, நீங்க அலறுவீங்க. ஒத்திகையில நூறு தடவை பண்ணதுதானே?

— அவன் என்னைக் கொல்லப் போறான்.

— ஆமா. அப்பனைக் கொன்ன ராஜாவைப் பிள்ளை கொல்றதுதானே கதை.

— கதையில இல்லடா மடையா! என்னை. தெலெசியாஸை. இங்கயே, இந்தப் பலகை மேலயே. நான் கத்துவேன், வெளிய அத்தனை பேரும் கேப்பாங்க, ஒருத்தன்கூட எழுந்து வர மாட்டான். வருஷம் முழுக்க யோசிச்சாலும் இதைவிட நல்ல இடம் கிடைக்குமா ஒருத்தனைக் கொல்ல?

— சாமி நாள்ல இப்படிப் பேசாதீங்க. மெலாந்தோஸ் ஐயா ஒரு கோழியைக்கூட...

— கவிஞர் எழுதாத வரியை அவன் இன்னைக்குப் பாடினான். கேட்டியா?

— நான் இங்க சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன்யா.

— என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சிக்கு நேரா பாடினான். "கல்லே எனக்கு வீடு, வெயிலே போர்வை. கிண்ணத்தில் பாதி உனக்கு, நண்பா, மீதியும் உனக்கே." ஜனங்களுக்கு என்ன தெரியும்? நாடகத்துல இருக்கறதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. அடுத்த வரி மறந்துபோய் நின்னேன் பார், அதுகூடவா நீ பார்க்கலை?

— நின்னீங்க. சோகத்துல நிக்கறீங்கன்னு நினைச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

— அந்த வரி அவன் அண்ணனோடது. பானியாஸோடது. உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் அது தெரியும், கரியோன். ஒருத்தன் நான். இன்னொருத்தன் செத்துட்டான்.

— ...ஓ.

— என்ன ஓ? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிறே?

— ஒண்ணுமில்லைய்யா. பொம்மைக்கு முகமூடி சரியா உட்காரலை.

— காலையிலேருந்து அவன் முகமூடியைக் கழட்டினானா? சொல்லு. எள்ளுருண்டை குடுத்தேன், வேணாம்னு தலையை ஆட்டினான். ஒரு தடவை கண்ணைப் பார்த்துப் பேசலை.

— வேஷத்துல ஊறணும்னு சொன்னாரு. தொண்டை வேற கட்டியிருக்கு அவருக்கு.

— ஒத்திகையில என் மணிக்கட்டை ரெண்டு விரலால தொடுவான். இன்னைக்கு எலும்பு நொறுங்கற மாதிரி பிடிச்சான். பார், தடம் பார். கத்தி? அது வெயில்ல பளிச்சுன்னு மின்னிச்சு. மரக்கத்தி மின்னுமா?

— வெள்ளீயம் பூசினேன்யா, நேத்துதான். என் தலையெழுத்து, நல்லா வேலை செஞ்சாலும் குத்தம். முதல் சுத்து முடிஞ்சுது பாருங்க, குழல்காரன் மூச்சு வாங்கறான். இந்தாங்க, ஒரு மடக்கு திராட்சை மது குடிங்க. உங்களை அவரு எதுக்குக் கொல்லணும்? அவங்க அண்ணன் உங்க மடியிலதான் உயிரை விட்டாருன்னு ஊரே சொல்லுது. நீங்கதான் கண்ணை மூடி, மண்ணு போட்டு...

— பொய்.

— எது?

— எல்லாம். மடி, கண்ணு, மண்ணு, எல்லாம் பொய். அவங்க அம்மா எதிர்ல உட்கார்ந்து வாய் கூசாமச் சொன்னேன். அவ முடியை அறுத்து, பொணம் இல்லாத வெறும் சமாதிக் குழிக்குள்ள போட்டா. நான் பக்கத்துல நின்னு அழுதேன். நல்லா அழுதேன், நடிகன் இல்லையா?

— ஐயா...

— கேளு. யார்கிட்டயாவது சொல்லிடறேன். சிராக்யூஸ் சண்டையில நாங்க தோத்துப் போனதும், அந்த ஊர்க்காரனுங்க கல்லு வெட்டின குழியில எங்களைத் தள்ளினாங்க. ஏழாயிரம் பேர். மேல வெயில், கீழ பொணம். ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் தண்ணி, ரெண்டு கிண்ணம் தானியம். எனக்குப் பாட்டு எதுவும் தெரியாது அப்போ. பானியாஸுக்குத்தான் தெரியும். நம்ம ஊரு நாடகப் பாட்டெல்லாம் தலைகீழாப் பாடுவான். சிராக்யூஸ்காரனுங்களுக்கு அதுல பைத்தியம். குழி விளிம்புல வந்து நின்னு, பாடுன்னுவானுங்க. பாடினா ஒரு ரொட்டி எறிவானுங்க. பானியாஸ் பாதியைப் பிச்சு எனக்குக் குடுப்பான். எனக்கும் சொல்லிக் குடுத்தான், ஒவ்வொரு வரியா. அந்த ரெண்டு வரி அவனாக் கட்டினது. தண்ணி குடிக்கறப்போ எனக்குச் சொல்லிச் சிரிப்பான்.

— நல்ல மனுஷன்.

— அதான் வலிக்குது. ஒரு நாள் ஒரு மது வியாபாரி வந்தான். "பானியாஸ் எவன்? பாட்டுக்காரன் மேல வா, உன்னை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு கயிறு விட்டான். பானியாஸ் ஜுரத்துல கிடந்தான். கண்ணு மூடியிருந்துச்சு. நான் தோளைத் தொட்டேன். ஒரு தடவை. ரெண்டாவது தடவை தொடலை, கரியோன். ரெண்டாவது தடவை தொட்டிருந்தா முழிச்சிருப்பான். நான்தான் பானியாஸ்னு சொல்லிக் கயித்தைப் பிடிச்சுட்டேன்.

— அட தியோனிசஸ் சாமி!

— என் பங்குத் தண்ணியை அவன் தலைமாட்டுல வச்சேன். பெரிய தானமா அது? எனக்குத்தான் மேல தண்ணி இருக்கே. அப்புறம் அவன் சொல்லிக் குடுத்த பாட்டைப் பாடியே விடுதலை வாங்கி ஊர் வந்தேன். பாடியே தப்பிச்சவன்னு தலையில தூக்கி வச்சு ஆடறாங்க. அஞ்சு வருஷமா முதல் நடிகன். அந்தத் தொண்டை என்னோடது இல்லை, செத்தவனோடது. யார் மூலமாவோ தம்பிக்கு அந்த வரி வந்திருக்குன்னா, இதுவும் தெரிஞ்சிருக்கும்.

— இது... இது எனக்குத் தெரியாதே. சத்தியமா எனக்குத் தெரியாது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— இல்லைய்யா, நான் என்ன சொல்றேன்னா... ஐயோ, ரெண்டாவது சுத்தும் முடிஞ்சுடுச்சே. ஐயா, பின்கதவு திறந்துதான் இருக்கு. வேணும்னா...

— பின்கதவு வழியா? கோயில் முற்றத்துல பலி மாட்டோட வரிசையா நிக்கறாங்க. ராஜா உடுப்போட ஓடினா ஏன் ஓடறேன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? அவங்க அம்மா அங்க வாசல்லதான் உட்கார்ந்திருக்கா. அவளைத் தாண்டி ஓடணும் நான்.

— நாடகத்துக்குப் பணம் போடற எங்க எசமான் இந்தப் பதினைஞ்சு கோஷ்டிக்காரங்களுக்கும் குளிர்காலம் பூரா சோறு போட்டுப் பாடப் பழக்கியிருக்காரு. நடுவுல நின்னா என் முதுகுத் தோலை உரிச்சுடுவாரு. ஆனா... ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா? சொல்லக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கியிருக்காங்க.

— யாரு? மெலாந்தோஸா?

— ரெண்டு... ஆமா, அவருதான்.

— பார்த்தியா! உன்னையும் சேர்த்துக்கிட்டானா? என்ன சொன்னான்? நான் கத்தினா கதவைத் திறக்காதேன்னானா?

— ஐயையோ, இல்லைய்யா! கழுத்தை விடுங்க. வலிக்குது. அப்படி எதுவும் இல்லை. சந்தோஷமான விஷயம்னுதான் என்கிட்ட சொன்னாங்க. நாடகம் முடிஞ்சதும் நீங்களே சிரிப்பீங்கன்னாங்க. இப்போ நீங்க சொன்னதைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு. சந்தோஷத்துக்கு வந்தாரா, கணக்குத் தீர்க்க வந்தாரான்னு எனக்கு என்ன தெரியும்? நான் அடிமை, முகமூடிக்குச் சாயம் பூசறவன்.

— எல்லாரும் சேர்ந்துதான் பண்றீங்க. போ, பலகைகிட்டப் போ. என் பின்னாடி நிக்காதே.

— போறேன், போறேன். மூணாவது சுத்து. சக்கரப் பலகையைத் திருப்பி வச்சுடறேன். பொம்மையோட கையைக் கொஞ்சம் தொங்க விட்டா ஜனங்களுக்குப் பிடிக்கும்... ஐயா, வார் அறுத்த கத்தி எங்க? பொட்டி மேலதானே வச்சேன்?

— எனக்குத் தெரியாது.

— இங்கதான்யா வச்சேன். இருட்டுல கால்ல மிதிபட்டுடப் போகுது. அது நிஜக் கத்தி, எருமைத் தோலே அறுபடும்.

— தெரியாதுன்னு சொல்றேன்ல!

— ஐயா, அங்கிக்குள்ள என்ன பிடிச்சிருக்கீங்க? கையை வெளிய எடுங்க.

— கடைசிச் சுத்து. பாட்டு இறங்குது.

— எடுங்கய்யா கையை! உங்க கால்ல விழறேன். சாமி என்னைத் தண்டிக்கட்டும், நான் சொல்லிடறேன், அங்க வேஷம் கட்டியிருக்கறது...

— பேசாதே. அவன் காலடி. படியேறறான்.

— ஐயா கேளுங்க...

— வாயை மூடு! கதவு திறக்குது.

— தெலெசியாஸ்...

— அங்கயே நில்லு! கதவைச் சாத்தினியா? ஏன் சாத்தறே? கிட்ட வராதே.

— என்னடா, ஏன் பின்னாடி போறே? பாட்டு புரியலையா உனக்கு? கிண்ணத்தில் பாதி உனக்கு, நண்பா...

— கையை இறக்கு! கத்தியைக் கீழ போடு!

— மீதியும்... இரு, முகமூடியைக் கழட்டறேன்... கிட்ட வாடா...

— தெலெசியாஸ் ஐயா, வேணாம்! அது மெலாந்தோஸ் இல்லை!

— ஆஆஆ!

— ஐயோ! ஐயோ, அவரைக் குத்திட்டீங்களே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! விடுங்க, கத்தியை விடுங்க!

— அவன் கத்தி... அவன் கத்தியைப் பாரு முதல்ல...

— மரம்யா! இதோ பாருங்க, உடைஞ்சே போச்சு, மரம்!

— மெலாந்தோஸ் இல்லைன்னியே. அப்போ யாரு? யாருடா இவன்? அந்த முகமூடியை எடு.

— நீங்களே எடுங்க. என்னால முடியாது. பத்து நாள் முன்னாடி கப்பல்ல வந்து இறங்கினாரு. தம்பிகிட்ட பத்து நாளா வசனம் கத்துக்கிட்டாரு. தம்பி வீட்டுல உட்கார்ந்திருக்காரு, ஆள் மாறினது தெரிஞ்சா நாடகப் போட்டிப் பரிசு போயிடும்னு ஒளிஞ்சுக்கிட்டு.

— இல்லை. இல்லை, இல்லை... பானியாஸ்! டேய் பானியாஸ்! நீ செத்துட்டேடா... நீ அந்தக் குழியில...

— சாகலை... என்னையும் குழியிலேருந்து எடுத்து ஒருத்தன் அடிமையா வித்தான்... அப்புறம் ஓடி வந்தேன்...

— ஏன்டா சொல்லலை? வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கக் கூடாதா?

— ஆசை... நாடகத்துல வர்ற மாதிரி... முதல்ல அடையாளம் சொல்லணும்... அப்புறம் முகமூடியை எடுக்கணும்... நீ ஓன்னு அழுவேன்னு நினைச்சேன்...

— ஐயா, வெளிய கேக்குதா? கை தட்டறாங்க. உட்கார்ந்திருக்கிற பலகையைத் தட்டித் தட்டிக் கத்தறாங்க. இப்படி ஒரு அலறல் கேட்டதில்லைன்னு... கோஷ்டித் தலைவன் கதவைத் திற, திறன்னு பாடறான். நான் யாரைத் தள்ளட்டும்? சொல்லுங்கய்யா, யாரைத் தள்ளட்டும்?

— திறக்காதே! பானியாஸ், என்னைப் பாரு. நான் உன்னை எழுப்பலைடா. ஒரு தடவைதான் தொட்டேன். நீ தூங்கறேன்னு தெரிஞ்சும், உன் பேரைச் சொல்லி...

— தூங்கலைடா... முழிச்சுத்தான் இருந்தேன்... ரெண்டு பேர்ல நீயாவது மேல போகட்டும்னுதான் கண்ணைத் திறக்கலை.