மொமோசேயின் தலைகீழ் முத்திரை

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் ஹனாஓகா அவர்களே, இயக்குநர் குழுவினரே, மறைந்த பெருமகனாரின் துணைவியார் சுமியே அம்மையார் அவர்களே, வடிவமைப்புப் பிரிவிலிருந்தும் லென்ஸ் அச்சுப் பட்டறையிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் உணவகத்துப் பெண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் ஷிமோகாவா லென்ஸ் ஆலையின் மங்கல் சோதனை அறையைச் சேர்ந்த கோகுச்சியின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்பதையும் நிர்வாகப் பிரிவே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டது. அந்தத் தாளில் 'ஆலையின் பொக்கிஷம்' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. பொக்கிஷத்தை யாராவது பொட்டலம் கட்டும் கொட்டகையில் ஏழு வருடம் போட்டு வைப்பார்களா? அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் போதாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மொமோசே தத்சுனோரி யார்? முப்பத்தோரு வருடம் மங்கல் சோதனை அறையின் தலைவர். கேமரா லென்ஸின் கூர்மையை அளக்க எந்திரம் இருக்கிறது. லென்ஸை அதில் பொருத்தினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் படத்தில் முகத்துக்குப் பின்னால் இருப்பது எப்படி மங்கிக் கரைகிறது என்பதை எந்த எந்திரம் சொல்லும்? மரமோ விளக்கோ கூட்டமோ, எதுவாக இருந்தாலும் அது தன்னை மறந்து கரைந்து முகத்துக்கு வழிவிட வேண்டும். அதைச் சொல்ல ஒரு மனிதர்தான் இருந்தார்.

அந்த இருட்டறையின் கோடியில் அரிசியளவு விளக்குகள் நாற்பது பதித்த பலகை. அதற்கு முன்னால் சுவா ஏரிக்கரையில் அவரே அறுத்து வந்த நாணல் தட்டைகள். அதற்கும் முன்னால் கண்ணாடிக் கண் வைத்த மரப் பொம்மை. பொம்மையின் கண்ணுக்குக் குவியம் வைத்துப் படம் எடுப்பார். பின்னால் விளக்குகள் வட்டம் வட்டமாக விரியும். வட்டத்தின் விளிம்பு கெட்டித்திருக்கிறதா? படத்தின் ஓரத்துக்குப் போகப் போக வட்டம் நசுங்குகிறதா? ஒற்றை நாணல் இரட்டை நாணலாகத் தெரிகிறதா? ஒரு லென்ஸுக்கு நானூறு படம் எடுப்பார். எடுத்ததில் ஒன்றை அச்சிட்டு உணவகத்துக்குக் கொண்டுபோய், நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருக்கும் யாஜிமா அம்மாளிடம் காட்டுவார். கேட்பது ஒரே கேள்விதான். கண் முதலில் எங்கே போனது? பொம்மைக்குப் போனால் லென்ஸ் தேறியது. வேறெங்காவது போனால் வடிவமைப்புப் பிரிவு மறுபடி உட்கார வேண்டியதுதான். பட்டம் படித்த பொறியாளர்களுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் வந்தது. ஆள் படம் எடுப்பதற்கென்றே செய்தது. கூர்மையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நம் ஆலை அதுவரை கண்டிராத மதிப்பெண். எல்லோரும் தலைகால் புரியாமல் ஆடினோம். மொமோசே படத்தை எடுத்துக்கொண்டு உணவகத்துக்குப் போனார். யாஜிமா அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது ஆலை முழுக்கப் பரவியது.

"பொம்மையை எங்கங்க பாக்க விடுது? பின்னாடி யாரோ வெங்காயம் நறுக்கிப் போட்டிருக்காங்களே!"

சிரித்தோம். மொமோசே சிரிக்கவில்லை. அந்த லென்ஸுக்குள் இருந்த கண்ணாடிகளில் ஒன்று, உலோக அச்சில் அழுத்தி எடுத்தது. அச்சைக் கடைந்தபோது விழுந்த வரி கண்ணாடியிலும் விழுந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. விளக்கு மங்கி வட்டமாக விரியும்போதுதான் உள்ளே வளையம் வளையமாகக் கிளம்பும். அச்சை மறுபடி மெருகேற்ற நான்கு மாதம் வேண்டும் என்றார். லென்ஸை அறிமுகம் செய்யவிருந்த கண்காட்சிக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

புரியாதவர்கள் யாராவது இருந்தால், அதோ, வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே நீங்கள் வைத்திருக்கும் அவருடைய படத்தைப் பாருங்கள். ஏரித் திருவிழாவில் ஆலைப் புகைப்படக்காரர் எடுத்தது. அவருடைய தோளுக்குப் பின்னால் தெரியும் காகித விளக்குகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வளையம். எந்த லென்ஸை அவர் வேண்டாம் என்றாரோ அதே லென்ஸால் எடுத்த படத்தையே அவருடைய அஞ்சலிக்கு வைத்திருக்கிறீர்கள்! தேர்ந்தெடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்து செய்திருக்க மாட்டார். இந்த மேடையில் யாருக்கும் அது தெரியவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

இப்போது கணினியில் ஒப்புதல் தருகிற இளம் தோழர்களுக்கு அந்தக் காலத்து ஒப்புதல் தாள் தெரியாது. ஆறு கட்டங்கள். லென்ஸ் வெளியே போக ஆறு பேர், கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுக் குத்த வேண்டும். எல்லோரும் குத்திய பிறகு ஒருவர் மட்டும் குத்தாமல் இருக்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு இருந்த ஒரே வழி, முத்திரையைத் தலைகீழாகக் குத்துவது. இதற்கு நான் உடன்படவில்லை, தடுக்கிற அதிகாரமும் எனக்கில்லை என்று அதற்குப் பொருள். எந்த விதியிலும் எழுதியிருக்காது. ஆனால் ஆலையில் அதைப் படிக்கத் தெரியாதவர் கிடையாது. மொமோசே அன்று தன் அப்பா கொடுத்த மரமுத்திரையை எடுத்து, நிதானமாக, நட்டுக்குத்தாக, தலைகீழாகக் குத்தினார்.

அப்போது நான் தரப் பிரிவில் தாள்களைச் சேர்த்து டோக்கியோ தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறவன். ஹனாஓகா அவர்கள் அன்று தயாரிப்புப் பிரிவின் தலைவர். என் மேசைக்கு வந்து தாளைப் பார்த்தார். மாற்று என்று அவர் சொல்லவில்லை. இதை இந்த மன்றத்தில் தெளிவாகப் பதிவு செய்கிறேன். அவர் சொன்னது இவ்வளவுதான்.

"பாக்க அவ்வளவு நல்லா இல்லையே கோகுச்சி. டோக்கியோவுக்குப் போற தாளாச்சே."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் நமக்குச் சொல்ல வேண்டுமா? மேலதிகாரி முடிக்காமல் விட்ட வாக்கியத்தை முடித்துவைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லையே! புதிய தாள் எடுத்தேன். ஐந்து பேரிடம், பழைய தாளில் தேநீர் கொட்டிவிட்டது என்று சொல்லி மறுபடி முத்திரை வாங்கினேன். மொமோசே அன்று அச்சுப் பட்டறைக்குப் போயிருந்தார். தனக்குப் பார்சல் வந்தால் வாங்குகிறவர் குத்திக்கொள்ளட்டும் என்று, தன் பெயரில் கடையில் வாங்கிய மலிவு முத்திரை ஒன்றை அவர் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்தேன். ஆறாவது கட்டத்தில் குத்தினேன். நேராக, அழகாக, மை பிசிறாமல் குத்தினேன். பழைய தாளை எந்திரத்தில் போட்டுக் கிழித்ததும் நான்தான்.

அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். டோக்கியோவின் கோபத்திலிருந்து காப்பாற்றுகிறேனாம். என்ன அழகான பொய்!

லென்ஸ் வெளியே போனது. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள்தான் முதலில் திருப்பி அனுப்பினார்கள். மணப்பெண்ணுக்குப் பின்னால் எரிந்த விளக்கெல்லாம் வெங்காயம். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்து நடைபாதையை அடைத்தது. விசாரணை வைத்தார்கள். தாளை மொமோசேயின் முன்னால் தள்ளி, இது உங்கள் முத்திரைதானே என்று கேட்டார்கள். சுவரோரம் தேநீர்த் தட்டோடு நான் நின்றிருந்தேன். அவர் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் பேருதான்" என்றார்.

அடுத்த வாரம் அவரைப் பொட்டலம் கட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை லென்ஸ் பெட்டிக்குள் வைக்கிற வேலை. ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் அதைத்தான் செய்தார். அவருடைய நாற்காலியை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? எனக்கு. தாளை ஒழுங்காக வைத்திருக்கிறவன் என்று கொடுத்தார்கள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதோறும் நான் அவரைக் கூப்பிடுவேன். ரயிலடிப் பக்கத்து சோபா நூடுல்ஸ் கடைக்கு வருவார். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். குடிப்போம், சாப்பிடுவோம், வானிலை பேசுவோம். கண்ணில் புரை விழுந்தபோதுகூட, "இந்தக் கண்ணோட மங்கல் நல்லாருக்கு கோகுச்சி. விளிம்பு கெட்டிக்கவே இல்லை" என்று கிண்டல் செய்தார். அந்தத் தாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசியதில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். மயிரிழை தடிமன் விளிம்பை ஒளிவட்டத்தில் கண்டுபிடிக்கிறவருக்குத் தன் முத்திரையின் விளிம்பு தெரியாமல் போகுமா? அப்பா கொடுத்த மரத்துக்கும் கடையில் வாங்கிய மலிவுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? இதை யோசிக்க எனக்குப் பதினோரு வருடம் தேவைப்பட்டது. யோசிக்க விருப்பமில்லை என்பதே உண்மை.

போன ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகு, அவர் வீட்டுக்குப் போய் ஊதுவத்தி ஏற்றினேன். சுமியே அம்மையாரின் முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அம்மையார் சொன்னதை, அவருடைய அனுமதியோடு, இங்கே சொல்கிறேன்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும், கோகுச்சி சான். நீங்களா வந்து சொல்லட்டும்னு இருந்தாரு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், 'இன்னைக்குச் சொல்லிடுவான்'னு சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு. திரும்பி வந்ததும் நானும் கேக்கறதில்லை, அவரும் சொல்றதில்லை."

நூற்று இருபத்தைந்து வெள்ளிக்கிழமைகளுக்கு மேல் இருக்கும், தோழர்களே. அத்தனை முறையும் அவர் எதிரே உட்கார்ந்து நான் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

இத்தகைய கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். தட்டச்சு செய்து கொடுத்த தாளிலும் கடைசி வரி அதுதான். அவருடைய பணியைத் தொடர எனக்கு அருகதை இல்லை. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். அந்த லென்ஸை மங்கல் சோதனை அறை ஏற்கவில்லை, ஆறாவது முத்திரை கோகுச்சி திருட்டுத்தனமாகக் குத்தியது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் காலையிலேயே தலைவர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். என் வேலையை விடும் கடிதமும் அதே உறையில் இருக்கிறது. திங்கட்கிழமை அந்த ஒப்புதல் வாக்குமூலம் அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டும். தாள் பார்க்க நன்றாக இல்லை என்று யாராவது எடுத்து வைத்துவிட்டால், வாயில் கதவில் நானே ஒட்டுவேன். கிழித்தால் மறுநாளும் ஒட்டுவேன். மொமோசே தத்சுனோரியின் பெயரிலிருந்து அந்த லென்ஸ் நீங்கும்வரை ஒட்டிக்கொண்டே இருப்பேன். இது ஒன்றுதான் என் உறுதிமொழி.

மொமோசே சான், சொல்லிவிட்டேன். நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தபோது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.