டிகாக்‌ஷன் இறங்கும் வரை

ஃபில்டரை ஒருபோதும் தட்டக் கூடாது. டிகாக்‌ஷன் இறங்க நேரமானால் நம்மில் பாதிப் பேர் கரண்டியை எடுத்து அதன் தலையில் இரண்டு போடுவார்கள். தட்டினால் தூள் கலங்கி, மண்டியும் சேர்ந்து கீழே வந்துவிடும். குடித்து முடித்த பிறகு நாக்கில் மணல் மாதிரி நிற்கும். அதற்குச் சும்மா வெந்நீரையே குடித்துவிட்டுப் போகலாம்.

இன்று காலை கிஷோரிடமும் இதைச் சொன்னேன். கிஷோர் இங்கே நகரியில் கான்ஸ்டபிள். என் பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்திருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் ரேகா, ஒண்டியாகக் கிடக்க வேண்டாம் நைனா என்று என்னை அங்கே கூப்பிடுகிறாள். கிஷோர் மரியாதை தெரிந்தவர். நான் கொடுத்த காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, "உங்க மேல கேசு கீசு ஏதாவது இருக்கா சார்? லேது கதா?" என்று பாதித் தெலுங்கில் கேட்டார். இல்லை என்றேன். அது நிஜம்தான். எழுதிக்கொண்டார். போட்டோ ஒன்று குறைகிறது, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். போட்டோவோடு இந்தக் காகிதத்தையும் அவரிடம் கொடுப்பதாக இருக்கிறேன். அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் போதாது என்று பிறகு தோன்றியது.

என் பெயர் கமலக்கண்ணன். வீட்டின் பின்கட்டில் எட்டு பவர்லூம் ஓடுகிறது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் தறியைச் சொல்ல மாட்டார்கள், என் காபியைத்தான் சொல்வார்கள். மாதம் ஒரு தடவை ரயிலேறித் திருப்பதிக்குப் போவேன். கொட்டையைக் கண்ணெதிரே வறுக்கச் சொல்லி, அரைத்து வாங்கி, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவேன். ரேணிகுண்டா வருவதற்குள் பெட்டி முழுக்க வாசம் பிடித்துவிடும். சிக்கரி நூற்றுக்கு இருபது, அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடாது. இரண்டாவது டிகாக்‌ஷனை என் வீட்டில் தறிக்காரர்களுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

கூத்துகள் நடக்காமல் இல்லை. ரேகாவைப் பெண் பார்க்க வந்த அன்று அவசரத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை தமிழ்செல்வன் முகம் மாறாமல் டம்ளரைக் காலி செய்தார். பாதிச் சம்மதத்தை நான் அங்கேயே கொடுத்துவிட்டேன். இன்னொரு முறை, பாவு நூலுக்கு வாங்கி வைத்திருந்த காபிக் கலர் சாயப்பொடியை ஃபில்டரில் கொட்டி வெந்நீரையும் ஊற்றிவிட்டேன். அப்படி ஒரு நிறத்தில் எனக்கு டிகாக்‌ஷன் இறங்கியதே இல்லை. வாசனை வரவில்லையே என்று என் மனைவி துர்காதேவிதான் டம்ளரைப் பிடுங்கினாள். "குடிச்சிருந்தா உன் நாக்கத் துவைச்சிக் காயப் போட்டாலும் சாயம் போயிருக்காது மாமா" என்று ஒரு வாரம் சிரித்தாள். அந்த ஃபில்டரின் அடியில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

தறி ஓடும் சத்தத்தில் வீட்டில் யாரும் யாரையும் வாயால் கூப்பிட முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சமையலறை ஜன்னல் தறிக்கூடத்தைப் பார்த்தபடி இருக்கும். துர்கா அதன் கம்பியில் டம்ளரால் தட்டுவாள். ஒரு முறை தட்டினால் சாப்பாடு. இரண்டு முறை என்றால் யாரோ வந்திருக்கிறார்கள். மூன்று முறை என்றால் காபி வேளை, நான் எழுந்து போய் ஃபில்டரைக் கவனிக்க வேண்டும். முப்பது வருஷத்தில் இந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை.

துர்காவுக்குச் சர்க்கரை வியாதி. ஏழு வருஷமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி போட்டபின் சாப்பிடத் தாமதமானால் உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். திருப்பதி டாக்டர் சொன்னதை அவளே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். "வேர்த்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில், உடனே." உடனே என்பதற்குக் கீழே இரண்டு கோடு. தாளுக்கு நேர் கீழேதான் சர்க்கரை டப்பா. நாலு முறை நானே கலக்கிக் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்ள என்று கேட்பாள்.

போன சித்திரையில் ரேகாவும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பாலசமுத்திரத்திலிருந்து துர்காவின் அண்ணன் விஜயராகவன் குடும்பமும் வந்திருந்தது. கூடம் நிறைய ஆட்கள். தமிழ்செல்வன் காபியைக் குடித்துவிட்டு, "இந்த டேஸ்ட் சிங்கப்பூர்ல எங்கயும் கெடைக்கல மாமா" என்றார்.

துர்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத உங்க மாமா காபின்னு நெனைச்சிக்கினு கீறீங்களா? அவுரு டிகாக்‌ஷன் கழனித் தண்ணி மாதிரி எறங்கும். முப்பது வருஷமா அவுருக்குத் தெரியாம நான்தான் ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் பொடி கலந்துக்கினு கீறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ரேகாவுக்குப் புரையேறி, தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தேன். எனக்குக் கோபம் இருக்கவில்லை, இதைக் கிஷோர் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று முதல் காபி வேளையில் மட்டும் அவளைச் சமையலறைக்குள் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். "தமாசுக்குச் சொன்னத இன்னும் புட்ச்சிக்கினு கீறியே மாமா, வுடு" என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் டம்ளரில் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள். துர்கா மட்டும் தன்னுடைய சர்க்கரையில்லாக் காபியை அடிவரைக்கும் குடித்தாள், முகத்தைச் சுளிக்காமல். அவள் காட்டிய அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்கு லைன் வேலை என்று கரன்ட்டை நிறுத்தினார்கள். தெருவில் எந்தத் தறியும் ஓடவில்லை, என் தறிக்காரர்களும் வரவில்லை. துர்கா ஊசி போட்டுக்கொண்டாள். ராத்திரி அரைத்த மாவு புளிக்கவில்லை, உப்புமா கிண்டலாம் என்று ரவையைத் தேடினாள். அதற்குள் வேர்த்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள் அறைக்குப் போய் இரும்புக் கட்டிலில் படுத்தாள். "மாமா, ஒரு மாதிரி கீது. சக்கரத் தண்ணி குடு" என்றாள்.

நான் அப்போதுதான் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியிருந்தேன். அந்த மாதம் திருப்பதியில் தூளை ரொம்ப மெல்லிசாக அரைக்கச் சொல்லியிருந்தேன். மெல்லிசாக இருந்தால் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும், ஆனால் நேரமாகும். "காபியே தரேன், மூணு ஸ்பூன் சக்கர போட்டு. எறங்கட்டும்" என்றேன். சர்க்கரை தண்ணீரில் இருந்தால் என்ன, காபியில் இருந்தால் என்ன? இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

அவளுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. கட்டிலருகே இருந்த டம்ளரை எடுத்து இரும்புக் காலில் தட்டினாள். மூன்று முறை. கரன்ட் இல்லாத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக விழுவது காதில் கேட்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தேன் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று முறை தட்டினாள், விட்டு விட்டு. ஒரு கட்டத்தில் கரண்டியைக் கையில் எடுத்தேன். ஃபில்டரைத் தட்டியிருந்தால் சீக்கிரம் இறங்கியிருக்கும். கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு முறை தட்டும் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. திரும்பி வந்தபோது ஒரே ஒரு முறை கேட்டது.

பாலைப் பொங்கவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு, நுரை வர ஆற்றி எடுத்துப் போனேன். அவள் கண் பாதி திறந்திருந்தது. உதட்டில் வைத்தேன், ஓரமாக வழிந்தது. ஆறிப்போகுமே என்று நானே குடித்தேன். என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல காபி அது ஒன்றுதான். அவள் கை அதில் படவே இல்லை. கரன்ட் வரும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் எட்டுத் தறியையும் ஓட்டிவிட்டு, அப்புறம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். நகரியில் அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அன்று காலை கரன்ட் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஒருவருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ரேகா போனில் அழுதுகொண்டே, "நீ இன்னா பண்ணுவ நைனா, தறி ஓடிச்சின்னா உனக்கு எப்படிக் கேக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

இப்போது கரன்ட் போனால் போதும், உள் அறையிலிருந்து கேட்கிறது. முதலில் மூன்று முறை. அப்புறம் இரண்டு முறை. இரண்டு முறை கேட்கும்போது என்னால் வாசலுக்குப் போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. கட்டிலை விற்றுப் பார்த்தேன், டம்ளர்களையெல்லாம் கண்ணாடியாக மாற்றிப் பார்த்தேன். ஆர்டர் இல்லாத நாளிலும் நூல் ஏற்றாமல் தறியை ஓடவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. துர்கா ஒளித்து வைத்திருந்த இன்ஸ்டன்ட் பொடி டப்பா பருப்புக்குப் பின்னால் கிடைத்தது. இப்போதெல்லாம் அதிலிருந்து ஒரு ஸ்பூன் போடாமல் என் காபி எனக்கே இறங்குவதில்லை. கிஷோர் இன்று டம்ளரைக் கீழே வைக்கும்போது சூப்பர் சார் என்றாரே, அது அந்த ஸ்பூனுக்குச் சேர வேண்டியது.

நேற்று ரேகா பேசும்போது, "இங்க கரன்ட்டே போவாது நைனா. சத்தமே கெடையாது. நீ நிம்மதியாத் தூங்கலாம்" என்றாள். அந்தச் சத்தமில்லாத வீட்டுக்கு நான் போக முடியாது.

ஆகவே கிஷோர், ஃபாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது, ஒவ்வொரு தட்டும் கேட்டது. சர்க்கரை டப்பா என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது, சுவரில் அவள் எழுத்தும் இருந்தது. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுக்கவில்லை. துர்காதேவியைக் கொன்றவன் நான்.

ஒன்றை மட்டும் நியாயமாக எழுதுங்கள். அன்றைக்கு டிகாக்‌ஷன் நன்றாகத்தான் இறங்கியது. அவள் இன்னும் பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாம்.