‘ஹாய்’ என்று வந்த மெசேஜ்

சாயங்காலம் நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“உங்க வேலை தேடுற ஆப்புல மெசேஜ் குவிஞ்சிகினே போச்சிங்க. பொம்பளைங்க அனுப்புனதையெல்லாம் தூக்கிட்டேன்” என்றாள் அவள்.

அவன் குரல் இறங்கியது. “ஆள் எடுக்குறதே ஒரு பொம்பளைதான். இந்த மாசத்தோட என் காண்ட்ராக்ட் முடியுது. அழிச்சிட்டியா?”

“தனியா ஒதுக்கித்தான் வச்சிருக்கேன். ‘ஹாய்’னு ஆரம்பிச்சா நான் என்னன்னு நினைக்கிறது?”

அவன் போனை வாங்கித் தேடினான். முத்தாண்டிக்குப்பம் தாண்டியும் நிமிரவில்லை.

“இதோ இருக்கு. இண்டர்வியூக்கு வர்றீங்களான்னு கேட்டிருக்காங்க. இன்னைக்கி ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். மணி என்ன?”

“அஞ்சு அம்பது.”

அவன் அவசரமாக டைப் செய்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

“டியர்னு போடாதீங்க. மேடம்னு போடுங்க.”